உங்களுக்கு எந்தச் சூடு?

டுரியான் சீசன் முடிந்த கையோடு வந்து குவிந்திருக்கும் கடிதங்களையும் வாட்சாப் செய்திகளையும் பிரித்துப் பார்த்தால், இந்த மாதம் பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: உடம்புச் சூடு. ஒருவருக்கு வாய்ப்புண், ஒருவருக்குப் பாத எரிச்சல், இன்னொரு வீட்டில் பிள்ளைக்கு மூன்று நாள் காய்ச்சல். தொல்லை வேறு வேறாக இருந்தாலும் பெரும்பாலும் எல்லாரும் கையில் எடுத்திருப்பது ஒரே மருந்தைத்தான், பசார் முனையில் பித்தளை அண்டாவில் வைத்து விற்கும் அந்தக் கறுப்புக் கசப்புத் தண்ணீர். அதனால் இந்த இதழ் முழுக்கச் சூட்டுக்கே. முடி கொட்டுவது பற்றி எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: சின்சே அக்கா, எனக்கு வயது 52. மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் ஆகிறது. பகலில் ஒன்றும் தெரிவதில்லை. சாயங்காலம் ஆனால் கன்னம் கணகணவென்று இருக்கும். ராத்திரி உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் எரிகிறது, காலை வெறும் சிமெண்டுத் தரையில் வைத்தால்தான் தூக்கமே வருகிறது. விடியற்காலையில் நைட்டி நனைந்து கிடக்கும். சூடுதான் என்று இரண்டு மாதமாகத் தினமும் சீனக் கடை கசப்புத் தண்ணீர் குடிக்கிறேன். எரிச்சல் போகவில்லை, வயிறுதான் இளகிப்போகிறது. இன்னும் கொஞ்சம் கூட்டிக் குடிக்கலாமா?
— வாசகி, சுங்கை சிப்புட்

ப: கூட்டவும் வேண்டாம், இனிமேல் குடிக்கவும் வேண்டாம். உங்களுக்கு இருப்பது அந்தத் தண்ணீர் போக்கும் சூடு இல்லை.

சின்சே என்று நாம் கூப்பிடும் சீன வைத்தியர்கள் சூட்டை முதலில் இரண்டாகப் பிரிப்பார்கள். நெருப்பு நிஜமாகவே ஏறிப்போனது ஒன்று, அதை ஷி ரே என்பார்கள், நாம் மிகைச் சூடு என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்றில் நெருப்பு இருக்க வேண்டிய அளவில்தான் இருக்கும், அதை அடக்கி வைத்திருக்கும் ஈரப்பசை, அவர்கள் யின் என்று சொல்வது, வற்றிப்போயிருக்கும். இது ஷு ரே, குறைச் சூடு. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு உர மூட்டை ஏற்றிக்கொண்டு ஏறுகிற லாரியும் சூடாகும், ரேடியேட்டரில் தண்ணீர் இல்லாமல் சமதரையில் ஓடுகிற லாரியும் சூடாகும். முன்னதை ஓரங்கட்டி ஆற விட்டால் போதும். பின்னதற்குத் தண்ணீர் ஊற்றாமல் எத்தனை மணி நேரம் நிழலில் நிறுத்தினாலும் மறுபடி கிளப்பியதும் அதே கதைதான்.

நீங்கள் எழுதியதில் ஒவ்வொரு வரியும் இரண்டாவது லாரியைத்தான் காட்டுகிறது. சாயங்காலத்துக்கு மேல் தலைகாட்டுகிற சூடு. இரண்டு உள்ளங்கை, இரண்டு உள்ளங்கால், நெஞ்சு என்று ஐந்து இடத்தில் எரிச்சல் என்பது குறைச் சூட்டுக்குச் சீன நூல்களில் திரும்பத் திரும்ப வரும் அடையாளம், உங்களுக்கு அதில் நான்கு இருக்கிறது. முகம் முழுக்கச் சிவக்காமல் கன்னம் மட்டும் சிவப்பது, விழித்திருக்கும்போது வராமல் தூக்கத்தில் மட்டும் வியர்ப்பது, இவையும் அப்படித்தான். நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன்: தொண்டை வறண்டாலும் ஒரு டம்ளர் முழுக்கக் குடிக்கத் தோன்றாமல் இரண்டு மடக்கோடு வைத்துவிடுகிறீர்களா? ஆம் என்றால் சந்தேகமே வேண்டாம்.

அப்புறம் அந்தக் கசப்புத் தண்ணீர். அதில் போடும் மூலிகைகள் பெரும்பாலும் கசப்பும் குளிர்ச்சியும் ஆனவை, நெருப்பைத் தாக்கி மலத்தோடும் சிறுநீரோடும் இறக்கிவிடுவதுதான் அவற்றின் வேலை. தாக்குவதற்கு அதிகப்படி நெருப்பு இல்லாத உடம்பில் அது போய் மண்ணீரலையும் வயிற்றையும் குளிர வைக்கும், உங்கள் வயிறு இளகுவது அதனால்தான். போதாததற்குக் கசப்பு உலர்த்தும் என்பதும் அவர்கள் கணக்கு. இருக்கிற கொஞ்ச ஈரத்தையும் இரண்டு மாதமாக நீங்களே உலர்த்திக்கொண்டிருக்கிறீர்கள்.

இந்த வகைச் சூட்டுக்கு வேறு பாதை உண்டு. ஜூ தான்சி என்ற வைத்தியர் (1281–1358) மனிதருக்கு யாங், அதாவது சூட்டுப் பக்கம், எப்போதும் மிஞ்சி நிற்கும், யின் எப்போதும் பற்றாது என்று வாதிட்டு, யின்னை ஊட்டுவதையே தன் வைத்தியத்துக்கு அடிப்படையாக வைத்தார். கடைகளில் சின்னச் சின்னக் கறுப்பு உருண்டையாகப் புட்டியில் விற்கும் லியூ வெய் தி ஹுவாங் அவருக்கும் முந்தையது, 1119இல் தொகுக்கப்பட்ட சியான் யி என்ற குழந்தை வைத்தியரின் நூலில் வருவது. வளர்ச்சி தாமதமான பிள்ளைகளுக்காக எழுதிய மருந்து இன்று மாதவிலக்கு நிற்கும் வயதுப் பெண்களுக்கு அதிகம் போகிறது. அதோடு இரண்டு சரக்கு சேர்த்தால் ஜி பாய் தி ஹுவாங், உங்களைப் போல எரிச்சல் தூக்கலாக இருப்பவர்களுக்கு. ஆனால் பெயரைச் சொன்னேன் என்று நாளைக்கே போய் வாங்கிவிடாதீர்கள். அதில் உள்ள ரெஹ்மானியா வேர் பிசுபிசுப்பான கனமான சரக்கு, இளகிய வயிற்றில் அது செரிக்காது. முதலில் வயிறு கட்ட வேண்டும், அப்புறம்தான் ஊட்டம். அதுவரை சூடான கஞ்சி, வெண்காளான் சூப், பேரிக்காய், ராத்திரி 11 மணிக்கு முன் படுக்கை. சீரியல் முடிந்தும் போனை நோண்டிக்கொண்டு படுத்திருப்பது தூக்கக் கணக்கில் சேராது.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று, இதைச் செய்யாமல் வேறெதையும் தொட வேண்டாம். அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போய் இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, இருக்கிறதா என்று பாருங்கள். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இனிப்புநீர், இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களான நம்மவர்கள்தான் முதலிடம். பாதம் எரிவது இனிப்புநீரால் நரம்பு கெடுவதன் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். தைராய்டு கூடினாலும் உடம்பு எரியும், வியர்க்கும். சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, இளைப்பு, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் எல்லாம் சேர்ந்தால் காசநோய்ச் சோதனை கட்டாயம். குறைச் சூடு என்று சின்சே சொல்வதும் இனிப்புநீர் என்று டாக்டர் சொல்வதும் ஒரே உடம்பில் இருக்கலாம், சீனர்களே தாகமும் இளைப்பும் சேர்ந்த நோயை சியாவ் கே என்று தனியாக எழுதி வைத்து, அதன் அடியில் யின் வறட்சி இருக்கிறது என்றுதான் விளக்கினார்கள். இனிப்புநீர் இருந்தால் வெண்காளான் சூப்பில் கற்கண்டு போடாதீர்கள்.

கே: வயசு 24. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் வேலை. போன வாரம் மச்சான் கல்யாணம், ஆட்டுக்கறி, டுரியான், மூன்று ராத்திரி தூக்கமில்லை. இப்போது நாக்கு ஓரத்திலும் உதட்டுக்குள்ளும் நான்கைந்து புண், மிளகாய் பட்டால் உயிர் போகிறது. நாலு நாளாக வெளிக்குப் போகவில்லை, வாய் நாற்றம் என்று மனைவி தள்ளிப் படுக்கிறாள். என்ன சூடு இது?
— பீடோர்

ப: தம்பி, மிகைச் சூட்டுக்குப் பாடப் புத்தகத்தில் படம் போட வேண்டுமென்றால் உங்களைத்தான் போடுவேன். திடீரென்று வந்திருக்கிறது, காரணம் தெரிகிறது, புண் பல, சுற்றிலும் செக்கச்செவேல், வலி கடுமை, மலச்சிக்கல், வாய் நாற்றம். சிறுநீர் மஞ்சளாகவும் கொஞ்சமாகவும் போகும், ஐஸ் தண்ணீர் கேட்கும், நாக்கில் மஞ்சளாகத் தடிப்பாகப் படிந்திருக்கும்.

பசார் முனைக் கசப்புத் தண்ணீர் உங்களைப் போன்றவர்களுக்காகத்தான். ஒரு கப், இரண்டு மூன்று நாள். வயிறு இறங்கியதும் நிறுத்திவிட வேண்டும், புண் ஆறும்வரை ஓட்டக் கூடாது. கசப்பு ஆகாது என்றால் செவ்வந்திப்பூத் தண்ணீர் மென்மையானது. கூடவே சாதாரணத் தண்ணீர் நிறையக் குடியுங்கள், ஏனென்றால் வெயிலில் குலை வெட்டுகிறவருக்குச் சிறுநீர் மஞ்சளாகப் போவதற்கு எந்த வைத்திய தத்துவமும் தேவையில்லை, வியர்த்துக் கொட்டியதைத் திரும்பக் குடிக்காததே போதும். பப்பாளி, கீரை, ஒரு வாரம் பொரித்தது வேண்டாம்.

வாய்ப்புண் என்றால் எல்லாம் உங்களுடையது போலத்தான் என்று அம்மாவுக்கும் அதே தண்ணீரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். மாதம் தவறாமல் ஒன்றிரண்டு வந்து, சுற்றுச் சிவப்பு வெளிறி, வலி சுமாராக, ராத்திரி கண்விழித்தாலோ வேலை அதிகமானாலோ மட்டும் தலைதூக்குகிற புண் குறைச் சூட்டுப் புண். அதற்குக் கசப்பு கொடுத்தால் இந்த மாதம் ஆறின மாதிரி இருக்கும், அடுத்த மாதம் சீக்கிரமாகவே வரும். எந்தப் புண்ணாக இருந்தாலும் மூன்று வாரம் தாண்டி ஆறாமல் இருந்தால், முக்கியமாக வெற்றிலை பாக்கு புகையிலை போடுகிறவர்கள், நேராக டாக்டரிடம் போங்கள்.

கே: சீன வைத்தியரிடம் போனால் முதலில் நாக்கை நீட்டச் சொல்கிறார். என் மருமகளும் நானும் போனோம், இரண்டு பேர் நாக்கையும் பார்த்துவிட்டு இருவருக்கும் யின் குறை என்றார். வீட்டிலேயே நாக்கைப் பார்த்துக்கொள்ள முடியுமா?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், தெலுக் இந்தான்

ப: முடியும் சார், ஆனால் நம் வீடுகளில் ஒரு சிக்கல் இருக்கிறது. சின்சே பார்ப்பது இரண்டு விஷயம், நாக்கின் சதை என்ன நிறம், அதன் மேல் படிந்திருக்கும் மாவு எப்படி. மிகைச் சூட்டில் நாக்கு சிவந்து மேலே மஞ்சள் படிவு தடிப்பாக இருக்கும். குறைச் சூட்டில் நாக்கு சிவந்து படிவு மிகக் கொஞ்சமாக, சிலருக்கு வழித்துத் துடைத்த மாதிரி ஒன்றுமே இல்லாமல், நடுவில் வெடிப்போடு இருக்கும்.

நாமோ காலையில் எழுந்ததும் பல் விளக்குகிற கையோடு நாக்கை வழிக்கிற ஆட்கள்! ஸ்டீல் வழிப்பானை வைத்து மூன்று தரம் அழுத்தி இழுத்துவிட்டு சின்சே முன்னால் போய் நாக்கை நீட்டினால், படிவு இல்லாத சிவந்த நாக்கு, அவர் யின் குறை என்றுதான் எழுதுவார். அவர் மேல் பழி சொல்ல முடியாது, பெரும்பாலான சீனர்கள் வீட்டில் இந்தப் பழக்கம் கிடையாது. போகிற அன்று காலையில் வழிக்காதீர்கள், வழித்துவிட்டால் வழித்தேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். மருமகளையும் கூட்டிக்கொண்டு இன்னொரு முறை போய் வருவது நல்லது.

வெற்றிலை போடுகிறவர்கள் நாக்கைப் பார்த்து யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. கோப்பி ஓ குடித்தால் பழுப்பு, மஞ்சள் போட்ட ரசம் சாப்பிட்டால் மஞ்சள், ஆகவே விடியற்காலையில் வெறும் வயிற்றில், ஜன்னல் பக்கம் நின்று பாருங்கள். டியூப் லைட்டுக்கு அடியில் எல்லார் நாக்கும் நோயாளி நாக்குதான்.

நாக்கை விட வீட்டில் நம்பிப் பார்க்கக்கூடியது எது என்று கேட்டால், கடிகாரமும் டம்ளரும் என்பேன். எத்தனை மணிக்குச் சூடு தெரிகிறது, தாகம் எடுத்தால் எவ்வளவு குடிக்கிறீர்கள், குளிர்ந்ததா வெதுவெதுப்பானதா. நாள் முழுக்கச் சூடு, மடமடவென்று ஐஸ் தண்ணீர் என்றால் மிகை. சாயங்காலத்துக்கு மேல் சூடு, வாய் நனைய இரண்டு மடக்கு என்றால் குறை. நாடி பார்ப்பது வீட்டு வேலை இல்லை. மிகையில் அலையடிப்பது மாதிரி வேகமாக, பலமாக, குறையில் வேகமாகத்தான் ஆனால் நூல் மாதிரி மெலிதாக என்று படிக்கச் சுலபமாக இருக்கும், விரல் பழக வருஷக்கணக்காகும்.

கே: எனக்கு நீங்கள் சொல்லும் இரண்டுமே பொருந்தாது போலிருக்கிறது. உடம்பு ஈரத் துணியைச் சுமக்கிற மாதிரி கனக்கிறது. தாகம் இருக்கிறது, குடிக்கத்தான் பிடிக்கவில்லை. நாக்கில் மஞ்சளாகப் பிசுக்கு. முகத்தில் பரு. டாய்லெட் போனால் ஒட்டிக்கொள்கிறது, இரண்டு தடவை பிளஷ் பண்ண வேண்டியிருக்கிறது. பார்லித் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும் என்கிறார்கள்.
— பேக்டரி ஷிப்ட் வேலை, சுங்கை பட்டாணி

ப: சரியாகப் பிடித்துவிட்டீர்கள், இது மூன்றாவது ஆள். ஈரமும் சூடும் சேர்ந்துகொண்டது, ஷி ரே என்றே தமிழில் எழுத வேண்டியிருப்பதால் மிகைச் சூட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், ஈரச்சூடு என்று சொல்லிவிடுவோம். வெறும் சூட்டைக் குளிர வைக்கலாம், வெறும் ஈரத்தை உலர்த்தலாம். இரண்டும் பிணைந்துவிட்டால் குளிர வைத்தால் ஈரம் உறையும், உலர்த்தினால் சூடு ஏறும், அதனால்தான் இது லேசில் போவதில்லை. நம் ஊர் வெக்கைக்கும் மழைக்கும், ராத்திரி ஷிப்ட் முடிந்து விடியற்காலை மமாக் கடையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சாப்பிட்டுவிட்டுப் படுப்பதற்கும், இது வராவிட்டால்தான் ஆச்சரியம். கெட்டிப்பால், எண்ணெய், பீர், மூன்றையும் ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள், மருந்துக்கு முன்னால் அதுவே பாதி வேலை செய்யும்.

பார்லி விஷயத்தில் கடைக்காரரிடம் கவனமாகக் கேளுங்கள். சீன வைத்தியத்தில் ஈரத்தை இறக்கச் சொல்வது ஜாப்ஸ் டியர்ஸ் என்கிற வேறொரு புல்லின் விதை, பெரிதாகச் சோளம் மாதிரி நடுவில் பள்ளத்தோடு இருக்கும், சீனா பார்லி என்று கேட்டால் கொடுப்பார்கள். நாம் கஞ்சிக்குப் போடும் சின்ன வெள்ளை பார்லி வாற்கோதுமை. அதுவும் கெடுதல் இல்லை, ஆனால் அவர்கள் சொல்லும் மருந்து அது இல்லை. பை சர்க்கரையைக் கொட்டிக் காய்ச்சி ஐஸ் போட்டுக் குடித்துவிட்டு ஈரம் போகவில்லை என்று எனக்கு எழுதாதீர்கள். கர்ப்பிணிகள் சீனா பார்லியைத் தவிர்க்கச் சொல்வது அவர்கள் மரபு.

கே: பேரனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் 39க்கு மேல். கடையில் விற்கும் மூணு கால் மார்க் சூட்டுத் தண்ணி இரண்டு பாட்டில் கொடுத்தோம். இன்று காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் கை கால் சில்லென்று இருக்கிறது, சோர்ந்து படுத்திருக்கிறான். சூடு இறங்கி இப்போது குளிர்ச்சி ஏறிவிட்டதா?
— பாட்டி, பாகான் செராய்

ப: பாட்டி, உங்கள் செய்தி வந்த அன்றே போனில் சொல்லியாயிற்று, மற்றவர்கள் படிக்க வேண்டுமென்றுதான் இங்கேயும் போடுகிறேன். காய்ச்சல் விட்டு, கை கால் சில்லிட்டு, பிள்ளை துவண்டு கிடந்தால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. டிங்கியில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் அடிக்கும்போது வருவதில்லை, காய்ச்சல் இறங்குகிற மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள்தான் வரும். வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சில்லிடும் கை கால், இதில் ஒன்று இருந்தாலும் சூடா குளிர்ச்சியா என்ற பேச்சே வேண்டாம். டிங்கி சந்தேகம் இருக்கும்போது ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் கொடுக்கவும் கூடாது, பாராசிட்டமால் மட்டும். தோட்டத்துக் கால்வாயில் வேலை செய்கிறவர்களுக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் மஞ்சளும் வந்தால் எலிக் காய்ச்சலுக்கு ரத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மூணு கால் தண்ணியில் இருப்பது ஜிப்சம். சீனர்கள் கடுங்காய்ச்சலுக்கு ஜிப்சம் கொடுத்தது உண்மைதான், ஏறக்குறைய கி.பி. 200ஐ ஒட்டி ஜாங் ஜோங்ஜிங் எழுதிய ஷாங் ஹான் லுன்னில் வரும் வெள்ளைப் புலிக் கஷாயத்தில் ஜிப்சம்தான் தலைமைச் சரக்கு, கூட ஒரு வேர், அதிமதுரம், அரிசி. ஆனால் அதைக் கொடுக்க நான்கு பெரிசு சேர்ந்து இருக்க வேண்டும் என்பார்கள்: பெருங்காய்ச்சல், பெருவியர்வை, பெருந்தாகம், பெருத்த நாடி.

அதே நூலில், உடம்பு கொதித்தாலும் நோயாளி போர்வையை இழுத்துக்கொண்டால் சூடு தோலில், குளிர் எலும்புக்குள் என்றும், உடம்பு சில்லிட்டாலும் போர்வையை உதறினால் குளிர் தோலில், சூடு எலும்புக்குள் என்றும் ஓரிடம் வருகிறது. தொட்டுப் பார்த்துச் சூடு குளிர் முடிவு செய்யாதே என்று அத்தனை காலத்துக்கு முன்பே அவர்களே எச்சரித்திருக்கும்போது, நாம் பிள்ளை நெற்றியில் புறங்கையை வைத்துவிட்டு மருந்தை முடிவு செய்கிறோம்.

கே: குழந்தை பிறந்து 9 நாள். கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி கசப்பு வேர் தண்ணீரை ஒரு ஸ்பூன் கொடுத்தால் சூடு இறங்கும் என்கிறார். கொடுக்கலாமா?
— இளம் தாய், கோலக்கெட்டில்

ப: ஒரு சொட்டுக்கூட வேண்டாம். குழந்தையை இன்றே கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், மஞ்சள் எவ்வளவு என்று அவர்கள் பார்க்கட்டும்.

ஆன்ட்டி சொல்வது ஹுவாங் லியனாக இருக்கலாம், அதில் பெர்பெரின் என்ற பொருள் இருக்கிறது. பிறந்த குழந்தைகளின் மஞ்சள் காமாலையை அது கூட்டுமோ என்ற கவலையில் சிங்கப்பூரில் 1978இலேயே தடை போட்டார்கள். பல பத்தாண்டுகள் கழித்துத் தடையைத் தளர்த்தினாலும் பச்சைக் குழந்தைகளுக்கும் ஜி6பிடி என்ற நொதி (ரத்தச் சிவப்பணுக்களைக் காப்பது) குறைவாக உள்ளவர்களுக்கும் எச்சரிக்கை அப்படியேதான் நிற்கிறது. ஜி6பிடி என்பது மலேசிய ஆஸ்பத்திரிகளில் பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் பார்ப்பது, உங்கள் பிள்ளையின் பதிவுப் புத்தகத்தில் முடிவு இருக்கும், பாருங்கள். குறை என்று எழுதியிருந்தால் துணி அலமாரியிலிருந்து நாப்தலின் உருண்டையையும் எடுத்து எறிந்துவிடுங்கள். ஆன்ட்டியிடம் மனம் கோணாமல், டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று என் பெயரைக்கூடச் சொல்லாமல் முடித்துவிடுங்கள்.

கே: மகன் கொரியா போய்வந்து சிவப்பு ஜின்செங் வாங்கி வந்தான். தெம்பு வரும் என்று பத்து நாள் குடித்தேன். தூக்கம் போச்சு, மூக்கில் ரத்தம். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன், வயது 66. ஜின்செங் நல்லது இல்லையா?
— முன்னாள் தண்டல், சிலிம் ரிவர்

ப: ஐயா, நல்லதுதான், உங்களுக்கு இல்லை. சிவப்பு ஜின்செங் வெப்பமானது, உள்ளே ஏற்கனவே வறண்டு நாக்குச் சிவந்து கிடக்கிறவருக்கு அது எரிகிற அடுப்பில் இன்னொரு கட்டை. சீன மருந்துக்கடையில் பாவ் சம் என்று மெல்லிய சில்லாக வெட்டி விற்பது அமெரிக்க ஜின்செங், அது குளிர்ச்சி, யின்னை ஊட்டுவது என்பார்கள். ஒரே பெயர், நேர் எதிர்க் குணம். ஆனால் பிரஷர் மாத்திரையோ, இனிப்புநீர் மாத்திரையோ, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்தோ எடுப்பவர்கள் இரண்டு ஜின்செங்கையும் டாக்டரிடம் கேட்காமல் தொடக் கூடாது. இன்னொன்று, அதிமதுரம். பல மூலிகைத் தண்ணீரில் இனிப்புக்கு அதைப் போடுவார்கள், தினமும் குடித்தால் பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். மூக்கில் ரத்தம் வந்தது ஜின்செங்கால்தான் என்று நீங்களே முடிவு கட்டாமல் பிரஷரை ஒரு தரம் அளந்துவிடுங்கள். மிச்சம் இருக்கும் புட்டியை மகன் மனம் நோகாமல் வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம், கை கால் சில்லிட்டு எப்போதும் சோர்ந்திருக்கிறவராகப் பார்த்து, அவரும் சின்சேயைக் கேட்டுவிட்டு.

கே: நம் சித்த வைத்தியம் சொல்லும் பித்தச் சூடும் இதுவும் ஒன்றுதானே?
— பந்திங்

ப: ஒன்று இல்லை. சில இடங்களில் உரசிக்கொண்டு போகும், அவ்வளவுதான். வாதம் பித்தம் கபம் என்று மூன்றாகப் பார்க்கிற கணக்கும் யின் யாங் என்று இரண்டாகப் பார்க்கிற கணக்கும் வேறு வேறு. இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டுக் குழப்பி, காலையில் சித்த லேகியம் சாயங்காலம் சீனக் கஷாயம் என்று ஓட்டாதீர்கள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு இந்த விஷயத்தில் யாரும் தடை சொல்லவில்லை.

கே: எந்த சின்சேயை நம்புவது? கடையில் பேர் தெரியாத மாத்திரையெல்லாம் கொடுக்கிறார்கள்.
— பெயர் வேண்டாம்

ப: 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டம், அதாவது சட்டம் 775, வந்தபின் வைத்தியம் பார்க்கிறவர் பதிவு செய்திருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை. பாக்கெட் மருந்து என்றால் மேலே எம்ஏஎல் (MAL) என்று தொடங்கி டி (T) என்ற எழுத்தில் முடியும் பதிவு எண் இருக்க வேண்டும், அதைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். எண் இல்லாததைத் தொடாதீர்கள், முக்கியமாகச் சூட்டு மாத்திரைகளை. நியு ஹுவாங் ஜியே து என்ற பழைய சூட்டு மாத்திரையின் மரபுச் செய்முறையில் ஆர்செனிக் கலந்த ஒரு தாதுவே ஒரு சரக்கு.

கே: டுரியான் சாப்பிட்டு அந்தத் தோட்டிலேயே உப்புத் தண்ணீர் ஊற்றிக் குடித்தால் சூடு வராது, மங்குஸ்தான் சாப்பிட்டால் சமமாகிவிடும், இதெல்லாம் உண்மையா?
— டுரியான் பைத்தியம், தாப்பா

ப: மங்குஸ்தான் குளிர்ச்சி என்பது சீனர்கள் கணக்கு, இரண்டும் ஒரே சீசனில் பழுப்பதால் அந்த ஜோடி நிலைத்துவிட்டது. தோட்டில் ஊற்றிக் குடிக்கும் தண்ணீர் தாகத்துக்கு நல்லது, உப்பு அதிகம் வேண்டாம். ஆனால் எட்டுச் சுளை சாப்பிட்டுவிட்டு நாலு மங்குஸ்தானில் கணக்கை நேர் செய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டு சுளையோடு எழுந்துவிடுகிறவருக்கு மங்குஸ்தானும் தேவையில்லை, அடுத்த மாதம் எனக்குக் கடிதமும் தேவையில்லை. இனிப்புநீர் இருந்தால் ஒரு சின்னச் சுளை, அதுவும் அன்றைய சோற்றைக் குறைத்துக்கொண்டு.